பனமலையில் கேட்ட தேர்தல் முடிவு

பனமலைக்குப் போகவேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு முறை என் முழங்கால், ஒரு முறை ஜரீனாவின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஒரு முறை புயல் மழை. இந்தத் தை மாதம், பொங்கலுக்குப் போன கூட்டமெல்லாம் சென்னை திரும்பிய பிறகு வந்த ஒரு சனிக்கிழமையை இரண்டு பேரும் ஒதுக்கினோம். உண்மையைச் சொன்னால், அன்று காலை அலாரம் அடித்தபோது எனக்குப் போகவே மனமில்லை. வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னொரு தரம் தள்ளிப்போட்டால் ஜரீனா என்னோடு பேசமாட்டாள் என்கிற பயத்தில்தான் செருப்பை மாட்டினேன்.

ஜரீனாவைப் பற்றி இந்தப் பயணப் பக்கத்தில் இதற்குமுன் எழுதியதில்லை. தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸில் பல வருடங்களுக்கு முன் என் பக்கத்து மேசை. என்னைவிட ஆறு வயது சின்னவள். பிறந்தது கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். பையன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். அவள் கணவர் பஷீரும், அவள் பிறந்த ஊர் ஆட்கள் எல்லோரையும்போல, முதலில் வளைகுடாவுக்குப் போனவர். அங்கிருந்து ஒரு முதலாளியின் பேச்சைக் கேட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய், பதினான்கு வருடமாக அங்கே ஒரு மொத்தக் கடையில் மேனேஜர். அரிசி, எண்ணெய், சோப்பு வியாபாரம். அது எந்த நாடு என்று எழுதவேண்டாம் என்று ஜரீனா கேட்டுக்கொண்டாள். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்கு விழுப்புரம் பஸ். திண்டிவனத்துக்கு 95 ரூபாய். கிளாம்பாக்கத்துக்கு உள்ளே நுழைந்து சரியான பஸ்ஸைக் கண்டுபிடிப்பதற்கே எனக்கு இருபது நிமிடம் ஆனது, அந்த நேரத்தையும் சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுங்கள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பரனூர் டோலில் வண்டிகள் ஊர்ந்தன. மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைக்காரர்கள் பாதி பஸ்ஸைக் காலிசெய்துகொண்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் தூங்கினேன். கண்டக்டர் தோளைத் தட்டி, “திண்டிவனம் கேட்டீங்களேம்மா, எறங்குங்க ஜல்தி” என்றபோது மணி 8.05.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜரீனா நின்றாள். கையில் சாப்பாட்டுப் பை. இரண்டு நாள் தூங்காத முகம்.

எதிர்ப்பக்க ஓட்டலில் உட்கார்ந்தோம். நான் இட்லியும் வடையும் சொன்னேன், அவள் டீ மட்டும் போதும் என்றாள். டீ வந்து ஆறிப்போனது. அவள் குடிக்கவில்லை.

“செவ்வாக்கெழமை ராத்திரிலேர்ந்து அவரு பேசலக்கா. நெட்ட புடுங்கிட்டானுங்க அங்க. எலெக்‌ஷனாம்.”

“எலெக்‌ஷனுக்கு எதுக்கு நெட்டைப் பிடுங்கணும்?”

“பிரசிடெண்டு எலெக்‌ஷன்னா அங்க அப்பிடித்தான். போன தபாவும் புடுங்கினானுங்க. ஆனா அப்ப ரெண்டு நாள்ல வுட்டுட்டானுங்க. இப்ப நாலு நாளாச்சி. துப்பாக்கி சூடுன்னு நியூஸ்ல போட்றான். அவரு கடை இருக்கிற தெரு பேரையே போட்றான்.”

வியாழக்கிழமை ஓட்டுப்பதிவு. புதன்கிழமையே ஊர்வலத்தில் அடிதடி. கடைகளை உடைக்கிறார்கள் என்று ஒரு வரிச் செய்தி வந்திருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. செய்தி அனுப்புகிறவனுக்கும் நெட் இல்லாமல் எப்படி வரும்? மாமியாரிடம் ‘அங்கே நெட் ரிப்பேர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். கிழவி நம்பினாரா என்பது தெரியாது, ஆனால் மகனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாராம். அதுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள்.

“சாதாரணமா போன் போட்டுப் பாத்தியா? வாட்ஸப்ல இல்லாம?”

“போகலக்கா. ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுது.”

சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மொபைல் கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டுக்குப் பேச ரீசார்ஜ் போடவேண்டும் என்றோம்.

“போட்லாம். அவரு நம்பர் சொல்லும்மா, அந்த நாட்டுக்கு எந்த பேக்குன்னு பாக்கணும்.”

ஜரீனா மனப்பாடமாகச் சொன்னாள். அவர் எழுதுவதைப் பாதியில் நிறுத்தினார்.

“இது நம்மூரு நம்பராச்சேம்மா. இதுல வாட்ஸப்தான் ஓடும். இந்த சிம்மு எங்கயாவது பொட்டில கெடக்கும். அங்க அவரு வெச்சிக்கினு இருக்கிற சிம்மு நம்பர் இன்னா?”

ஜரீனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பதினான்கு வருடமாகத் தினமும் பேசுகிற புருஷனின் போன் நம்பர் அவளுக்குத் தெரியாது. ஊரில் இருக்கும்போது வாங்கிய பழைய நம்பரிலேயே வாட்ஸப்பை வைத்துக்கொண்டு, அங்கே நெட்டுக்காக வேறு ஒரு சிம் போட்டுக்கொள்கிறார்கள். மனைவி, அம்மா, தம்பி எல்லோருக்கும் பழைய நம்பர்தான். புதிய நம்பரை யாரும் கேட்பதில்லை, கேட்கவேண்டிய தேவையும் வருவதில்லை, யாரோ ஒருவன் நெட்டைப் பிடுங்கும் வரைக்கும்.

“ஒருத்தரு ரெண்டு பேரு இல்லம்மா, வர்றவங்க எல்லாருமே இப்பிடித்தான்” என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். பிறகு, “அவரு சும்மா இருந்திருக்க மாட்டாரே. தெரியாத நம்பர்லேர்ந்து எதுனா கால் வந்திச்சா?” என்று கேட்டார்.

வரவில்லை என்றாள். அவர் கையை நீட்டினார். போனை வாங்கி எதையெதையோ தள்ளிப் பார்த்தவர், திருப்பி எங்களிடம் காட்டினார். தடுத்து வைத்த அழைப்புகள் என்று ஒரு பக்கம். அதில் வங்கிக் கடன்காரர்கள், பிளாட் விற்கிறவர்கள், நடுவில் அந்த நாட்டின் குறியீட்டோடு ஒரே நம்பர் இரண்டு முறை. புதன் மாலை 3.44. வியாழன் மாலை 3.41.

தீபாவளிக்கு வந்த மகன் செய்துவிட்டுப்போன காரியம் அது. தெருவில் ஒருவர் வெளிநாட்டு அழைப்பை எடுத்துப் பணத்தைத் தொலைத்துவிட்டாராம். அம்மாவும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, தெரியாத வெளிநாட்டு நம்பர் எதுவுமே மணி அடிக்காதபடி செய்துவைத்திருக்கிறான். அக்கறையில் செய்ததுதான். அப்பாவைத் தடுக்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜரீனா அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். “அவருதான். மூணே முக்கா அவரு டைம்” என்றாள். அங்கே அப்போது மணி ஒன்றேகால். லுஹர் என்கிற மதியத் தொழுகையை முடித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம். கல்யாணமான புதிதில், ஐஎஸ்டி கொள்ளை விலை விற்ற காலத்தில், அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. ஒரு ரிங் விட்டு வைத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், எடுக்கக் கூடாது. விடாமல் அடித்தால் எடுக்கவேண்டும். புதனும் வியாழனும் அந்த ஒரு ரிங்கைத்தான் அவர் விட்டிருப்பார் என்றாள். அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

“நேத்து இல்லியே” என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஓட்டு எண்ணிக்கை நாள். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக்கு அழைப்பே இல்லை.

கடைக்காரர் தடுப்பை எடுத்துவிட்டு, 150 ரூபாய்க்கு ஐஎஸ்டி பேக் போட்டு, அந்த நம்பரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஏதோ மொழியில் ஒரு பெண் பேசினாள், பிறகு ஆங்கிலத்தில் அதையே சொன்னாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கரண்ட் இல்லாமல் இருக்கும், சார்ஜை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்திருப்பார் என்று கடைக்காரரும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். எங்களுக்கே அது பலவீனமாகத்தான் கேட்டது.

பனமலையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றேன். எனக்கும் அது வசதி, படுத்துவிடலாம். ஜரீனா கேட்கவில்லை.

“வூட்டுக்குப் போனா மாமி மொகத்தப் பாக்கணும். மூணே முக்கா வரைக்கும் நான் எங்க உக்கார்றது? நாலு சுவத்தப் பாத்துக்கினு பைத்தியம் புடிச்சிடும். வாங்கக்கா, போலாம்.”

9.35க்கு விழுப்புரம் பஸ் ஏறினோம். 38 கிலோமீட்டர், 40 ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருபது ரூபாய்க்கு வாங்கினேன், நல்ல திரட்சி. ஜரீனாவின் மடியில் போட்டேன். உரித்து உரித்து என் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் இறங்கி, பஸ்ஸில் காற்று வந்தபோதுதான் அவள் அந்தத் தேர்தலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நம் சட்டமன்றத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப்போட்டாய் என்றால் யோசிக்கிறவள், அந்த நாட்டு அரசியலைக் கரைத்துக் குடித்திருந்தாள். அதிபர் பல வருடமாக அவர்தான். இந்த முறை எதிர்த்து நிற்க வந்த முதல் ஆளின் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் ஜெயிலுக்குள் இருக்கிறார். மூன்றாவது ஆள் அதிபரின் நண்பர், தனக்கு வேண்டாம் அவருக்கே போடுங்கள் என்று பேசினாராம். மிச்சம் ஒரு வக்கீல். அவரைக் கூட்டம் போட விடவில்லை, ஒலிபெருக்கி கட்ட விடவில்லை. ஆனாலும் நின்றார்.

“அந்த வக்கீல் ஜெயிக்கணும்னு நான் தெனம் துவா கேட்டேன்க்கா.”

“உனக்கு எதுக்கு அந்த ஊர் வக்கீல்?”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஷீரின் முதலாளி அதிபர் வீட்டுக்கு உறவு முறை. கடையின் லைசென்ஸ், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் அனுமதி எல்லாம் அந்த உறவில் வந்தது. அதிபர் மாறினால் கடை இருக்காது. கடை இல்லாவிட்டால் பஷீர் ஊருக்கு வந்துவிடுவார், திண்டிவனத்திலேயே ஒரு மளிகைக் கடை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். போன தேர்தலின்போது சொன்னது. “இந்த ஆளு தோத்தா மூட்டைய கட்டிக்கினு வந்துடறேன்” என்றாராம். அந்த ஆள் தோற்கவில்லை. ஐந்து வருடம் போனது. மகன் ஸ்கூலில் இருந்து காலேஜ் போய்விட்டான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு, அவ்வளவுதான் குடித்தனம்.

“கடை போவணும்னு கேக்குறது தப்புதானேக்கா? அவரு சோறே அதுலதான். அதான் அல்லா இப்பிடி பயம் காட்றானோ என்னவோ.”

அதெல்லாம் இல்லை என்று சொன்னேன்.

விழுப்புரத்தில் 10.30க்கு இறங்கினோம். பனமலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அன்னியூர் டவுன் பஸ்ஸைக் கேளுங்கள். 11 மணி வண்டி கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். வழியெல்லாம் கரும்பும் நெல்லும், ஓரமாகக் கேப்பைக் கொல்லைகளும். ரோடு அங்கங்கே பல்லைக் காட்டியது. என் இடுப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறது.

அன்னியூரில் இருந்து பனமலைக்கு ஆட்டோ. ஆறு கிலோமீட்டர், போக 150 ரூபாய். மாலை 4.30க்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்ள இன்னொரு 150. ஆட்டோக்காரர் பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போயிருந்தார். ஜரீனா போனையே பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னோம்.

“அப்ப அந்த ஊர்ல அன்னபோஸ்ட்டுன்னு சொல்லுங்க. நம்ம பஞ்சாயத்து மாதிரி.”

“அன்னபோஸ்ட் இல்லை, போட்டி இருக்கு. ஆனா அவர்தான் ஜெயிப்பாரு” என்றேன்.

“அப்ப எதுக்கு போட்டி வெக்கணும், நெட்ட புடுங்கணும், பேஜாரு பண்ணணும்? எங்க ஊர்ல போன தபா கோயில்ல உக்காந்து பேசி ஒரு ஆள்தான்னு முடிச்சிட்டாங்க. நின்னவங்க எல்லாம் வாபஸ். ஒரு பிரச்சனை இல்ல, ஓட்டு போடுற வேலயும் இல்ல.”

“உங்க பஞ்சாயத்து பிரசிடெண்டு நல்லா செய்யிறாரா?” என்று கேட்டேன்.

“அது வேற கதைங்க” என்று வண்டியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

பனமலை சின்னக் குன்றுதான். பனமலைப்பேட்டை ஊரைத் தாண்டியதும் ஏரி, ஏரிக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். மழை முடிந்த பிறகு போனதால் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. படி ஏற எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது, நல்ல கால் உள்ளவர்களுக்கு ஏழெட்டு நிமிடம். நாங்கள் போனபோது மணி பன்னிரண்டரை, சன்னதி பூட்டியிருந்தது. கீழே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த கோயில் காவலரிடம் முன்பே சொல்லியிருந்ததால் சாவியோடு பின்னாலேயே வந்தார். ஐம்பது தாண்டியவர், சலித்துக்கொண்டே எல்லாம் செய்கிற நல்ல மனிதர்.

பனமலையின் பெயர் போன ஓவியம் பக்கத்துச் சிறு சன்னதி ஒன்றில் இருக்கிறது. ஆயிரத்து முன்னூறு வருடத்துப் பார்வதி. ஒரு காலை மடித்து, சாய்ந்து நிற்கிறாள். தலைக்கு மேல் குடை. மகுடமும் முகமும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நான் வந்த காரியம் அதுதான் என்பதால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். அப்போது மட்டும் இடுப்பு வலி நினைவுக்கு வரவில்லை. ஜரீனா வாசலில் நிற்பாள் என்று நினைத்தேன், உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“எதைப் பாத்துக்கினு நிக்கிறாங்க இவங்க?” என்று காவலரைக் கேட்டாள்.

“எதிர்ல சாமி ஆடிக்கினு இருந்தாரும்மா. அந்த ஆட்டத்தப் பாக்கிறாங்க. சாமி படம் அழிஞ்சி போச்சி, அங்கங்க கோடுதான் இருக்கு. அம்மா மட்டும் நின்னுக்கினு இருக்காங்க.”

ஜரீனா அந்த அழிந்த சுவரையும் பார்த்தாள். “பாவம்” என்றாள்.

கோயிலின் பின்பக்கப் பாறையில், ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். சிக்னல் அங்கேதான் முழுசாக வரும் என்று காவலர் காட்டிக்கொடுத்திருந்தார், கீழே ஊருக்குள் ஒன்றும் நம்பமுடியாது. ஜரீனா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும். எனக்குப் பசி. எனக்காகக் கொஞ்சம் சாப்பிட்டாள். மொபைல் கடையில் சார்ஜ் போட்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அவள் போனில் நாற்பது சதவீதம் இருந்தது.

மணி மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் என் போனில் செய்தி வந்தது. முடிவு அறிவித்துவிட்டார்கள். அதிபர் மறுபடியும் அதிபர். எவ்வளவு வித்தியாசம் என்று படித்தபோது, எதிரே நின்றவர்களுக்கு அவரவர் வீட்டு ஆட்களாவது ஓட்டுப் போட்டார்களா என்று சந்தேகம் வந்தது. வக்கீலை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி வாசலில் போலீஸ் நிற்கிறதாம். ஜரீனாவிடம் காட்டாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். அவள் ஏற்கெனவே எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அதே ஆளா?”

“அதே ஆள்தான்.”

“ம்” என்றாள். டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தாள். “யாரா இருந்தா இன்னா. ஒரு ரிங்கு வந்தா போதும்க்கா இப்ப எனக்கு.”

3.45 ஆனது. போனைப் பாறைமேல் நடுவில் வைத்திருந்தோம். 3.50. ஏரியில் நாரைகள் இறங்கின, அதைப் பற்றி நான் ஏதோ சொன்னேன், அவள் காதில் விழவில்லை. நான்கு மணிக்கு அவள் எழுந்து நின்றாள். நான்கு ஐந்துக்கு மறுபடி உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். கோயில் பின்னாலேயே இருந்ததால் தூரம் குறைவு. அந்த இருபது நிமிடத்தில் எனக்கு வந்த அலுப்பைப் போல இந்தப் பயணம் முழுவதிலும் வரவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு கிழவர் நாற்காலியை விடமாட்டேன் என்பதற்காக, திண்டிவனத்துப் பெண் ஒருத்தி பனமலைப் பாறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆத்திரமாக வந்தது.

4.10க்கு போன் அடித்தது. அந்த நாட்டு நம்பர்.

நான் “எடு, எடு” என்று கத்தினேன். அவள் எடுக்கவில்லை. கையைத் தூக்கி என்னைத் தடுத்தாள். ஒரு ரிங். அது நின்றுவிட்டால் அவளுக்குப் போதும். நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே இருந்தது. விடாமல் அடித்தால் எடுக்கவேண்டும். அவள் முகம் வெளுத்தது. அவசரத்தில் எதையோ அழுத்தியதில் எடுக்கும்போதே ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

“ஜரீனா? கேக்குதா? நான்தான்.”

“என்னங்க” என்றாள். அவர்தான் பேசினார். நன்றாக இருக்கிறாராம். கடை ஷட்டரை உடைக்கப் பார்த்தார்களாம், உடையவில்லை. புதன்கிழமையில் இருந்து ஆறு பேர் குடோனுக்குள்ளேயே இருக்கிறார்கள். அரிசிக்குப் பஞ்சமில்லை. நேற்று முழுக்கத் தெருவில் ராணுவம், போனில் சார்ஜும் இல்லை, அதனால் கூப்பிட முடியவில்லை. இன்றைக்கு லாரி பாட்டரியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அம்மா எப்படி, பையன் எப்படி என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் ‘ம், ம்’ என்று அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

பிறகு அவர் கேட்டார்:

“ஆமா, நெட்டுல இன்னா சொல்றான்? யாரு ஜெயிச்சது? இங்க டிவி இல்ல, ரேடியோ இல்ல. தெருவுல டமால் டமால்னு சத்தம். பட்டாசா துப்பாக்கியான்னு தெரியல. முடிவு தெரிஞ்சாத்தான் முதலாளி கதவத் தொறக்கலாம்னு சொல்லிக்கினு இருக்காரு.”

அவர் அந்த ஊருக்குள்ளேயே இருக்கிறார். முடிவு இவளுக்குத்தான் தெரியும்.

ஜரீனா என்னைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. அந்த வக்கீலின் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் ஒரு நாளாவது ஓர் ஆசை மிச்சமிருக்கும். ஆனால் வாசலில் சத்தம் கேட்டுக்கொண்டு குடோனுக்குள் இருக்கிற மனிதரிடம் பொய் சொல்ல முடியுமா?

“அவரேதான்” என்றாள். “அதே ஆளுதான் வந்துட்டாரு.”

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. யாரிடமோ அந்த நாட்டு பாஷையில் சத்தமாகச் சொன்னார். நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம், யாரோ கை தட்டினார்கள். பிறகு மறுபடி இவளிடம்:

“அப்பாடா! வயித்துல பால வார்த்த. அப்ப கடைக்கு ஒண்ணும் ஆவாது. கவலயே படாத நீ. இன்னும் ஒரு அஞ்சி வருஷம் நிம்மதியா ஓட்டிடலாம்.”

“சரிங்க” என்றாள் ஜரீனா. “வெளிய வராதீங்க, சத்தம் நிக்கிற வரைக்கும்.” சார்ஜ் போகிறது என்று அவர் வைத்துவிட்டார். அந்த நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்தாள். மகனுக்கும் மாமியாருக்கும் கூப்பிட்டு, அத்தா நல்லா இருக்காரு, மவன் நல்லா இருக்காரு என்று சொன்னாள். போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

பாதிப் படியில் நின்று, “அப்பாடான்னாருக்கா. கேட்டீங்கல்ல?” என்றாள்.

கேட்டேன் என்றேன்.

திரும்பும் வழியில் எழுத ஒன்றும் இல்லை. அன்னியூரில் 5.05க்கு டவுன் பஸ், விழுப்புரத்தில் ஒரு காபி, 6.30க்குச் சென்னை வண்டி. ஞாயிறு மாலை இதே ரோட்டில் கூட்டம் தாங்காது, சனிக்கிழமையே போய்த் திரும்புவது உத்தமம். சென்னையிலிருந்து எனக்கு மொத்தச் செலவு, ஆட்டோவில் என் பாதியையும் சேர்த்து, 550 ரூபாய்க்குள் அடங்கியது. பனமலையில் கடை கண்ணி எதையும் நம்பாதீர்கள், சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். பகல் பதினொன்றுக்கு முன் போனால் சன்னதி திறந்திருக்கும், பிந்திப் போனால் கீழே காவலரைப் பாருங்கள், கோபித்துக்கொள்வார் ஆனால் வருவார். ஓவியத்தைப் படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள். மழைக்குப் பின் இரண்டு மாதம் ஏரிக்காகவே போகலாம்.

இதோடு இன்னொன்றும் சொல்லவேண்டும், இது பனமலைக்கு மட்டும் இல்லை. வீட்டு ஆள் யாராவது வெளிநாட்டில் இருந்தால் அங்கே அவர் வைத்திருக்கிற உள்ளூர் நம்பரை இன்றைக்கே கேட்டு வாங்கி, பெயர் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த வருடம் தேர்தல் என்பதையும் கேட்டு வையுங்கள். நமக்கு அதில் ஓட்டு இல்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள்.

திண்டிவனத்தில் பஸ் நின்றபோது 7.25. ஜரீனா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். மறுபடி எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். செஞ்சிக்கோட்டை பாக்கி இருக்கிறது, மண்டகப்பட்டு பாக்கி இருக்கிறது, முழங்கால் சரியாகட்டும், பார்க்கலாம் என்று இழுத்தேன்.

“மெதுவா வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல” என்றாள். “அஞ்சி வருஷம் இருக்குல்ல. ஒண்ணொண்ணா பாத்துடலாம்.”